மல்லிகாவின் வாலும் சவுண்டல் மரமும்

சவுண்டல் மரத்தைப் பற்றி உங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு சிறிய பத்தி இருக்கும். தேர்வுக்கு முந்தைய நாள் படித்திருப்பீர்கள். கேள்வித்தாளில் அது வரவில்லை என்றதும் மறந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் மறந்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் என் கடைசிப் பணிக்காலத்தில், ஒரு வெள்ளைக் குதிரை அந்தப் பத்தியை எனக்குத் திரும்ப நினைவூட்டியது.

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் மருந்து அளவுகளைச் சொல்லப்போவதில்லை. அவை உங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. ஒரு கூட்டமே சுற்றி நின்று "சொல்லுங்க டாக்டரம்மா, சொல்லுங்க" என்று கத்தும்போது வாயை எப்படி மூடிக்கொண்டு நிற்பது என்பதை எந்தக் கைபேசியும் சொல்லித் தராது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சக மருத்துவர்கள் எனக்கு வைத்த பெயர் பஞ்சாங்கம். செவ்வாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயில் பிடித்துக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வேன். அவ்வளவு நேரமும் வரலாற்றுப் புத்தகங்கள்தான் துணை. எந்த மன்னன் எந்த ஆண்டு செத்தான் என்று அறிஞர்கள் சண்டை போடுவதைப் படித்துப் படித்து, எந்த மாடு எந்தக் கிழமை தீனி மறுத்தது என்று நானும் சண்டை போடத் தொடங்கிவிட்டேன். மாட்டைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: "எப்பத்துலேர்ந்து?" அதற்குப் பதில் வராமல் மாட்டைத் தொட மாட்டேன். எரிச்சலூட்டும் பழக்கம்தான். ஆனால் மல்லிகாவைக் காப்பாற்றியது அது.

மல்லிகா என்பது குதிரையின் பெயர். முனுசாமியின் குதிரை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் வரை மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் மல்லிகாதான் முன்னால் போவாள். முதுகில் ஜரிகைத் துணி, நெற்றியில் குஞ்சம், பின்னால் தரையைத் தொடும் வெள்ளை வால். அந்த வாலுக்காகவே அவளைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

மாசி மாதத்தில் ஒரு காலை. மருந்தகத்தைத் திறந்து மின்விசிறியைப் போடுகிறேன், வெளியே கோஷம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் மல்லிகா ஊர்வலமாக வந்துகொண்டிருக்கிறாள். மாப்பிள்ளையைக் காணோம், மேளத்தையும் காணோம். பின்னால் ஒரு பதாகை மட்டும்: "முடி இழந்தோர் உரிமைக் குழு."

பக்கத்தில் வந்ததும்தான் பார்த்தேன். பழைய துடைப்பத்தில் நாலு ஈர்க்குச்சி மிஞ்சியதுபோல இருந்தது மல்லிகாவின் வால். பிடரி மயிர் ஏறக்குறைய காலி. முனுசாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சொந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் மொட்டையடித்து அனுப்பிவிட்டதைப்போல நின்றார்.

குழுத் தலைவர் எத்திராஜ் முன்னால் வந்தார். தொழிற்பேட்டையில் லாரிகளுக்குச் சரக்கேற்றும் ஆட்களின் மேஸ்திரி. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். உள்ளே பளபளவென்று இருந்தது.

"பாத்துக்குங்க டாக்டரம்மா. எதிர்ல கீற இரும்புக் கம்பெனி பொகை. குதிரைக்கே இந்த கதின்னா மன்சன் எம்மாத்திரம்? டேய், காட்டுங்கடா."

பின்னால் நின்றவர்கள் வரிசையாகத் தலையைக் குனிந்தார்கள். காலை வெயிலில் என் கண் கூசியது.

ஒருவர் கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "லைவ் போய்க்கினு கீதும்மா. பொகைனாலதான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"எப்பத்துலேர்ந்து கொட்டுது?" என்றேன்.

"கம்பெனி வந்ததுலேர்ந்து!" என்றது கூட்டம்.

"நான் குதிரையக் கேக்கறேன்."

"எல்லாருக்கும் ஒண்ணாத்தாம்மா" என்றார் எத்திராஜ்.

முனுசாமி மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பொங்கலுக்கு நல்லாத்தாம்மா இருந்துச்சு." மாட்டுப் பொங்கலன்று எடுத்த படத்தைத் தன் கைபேசியில் காட்டினார். மல்லிகாவின் பிடரியில் பின்னல் போட்டுச் செவ்வந்தி வைத்திருந்தார்கள். வால் பின்னால் அருவிபோல இருந்தது. அந்தக் கம்பெனியோ நான் அங்கே மாற்றலாகி வருவதற்கு முன்பிருந்தே புகைந்துகொண்டிருக்கிறது. இத்தனை வருடம் புகையைச் சுவாசித்து முடியோடு இருந்தவளுக்கு, தைக்கும் மாசிக்கும் நடுவில் மட்டும் என்ன நடந்தது?

அவளைத் தொட்டுப் பார்த்தேன். சொறி இல்லை, சிரங்கு இல்லை, அரிப்பு இல்லை. உடம்பின் குட்டை மயிர் அப்படியே பளபளப்பாக இருந்தது. வாலில் மிஞ்சிய நாலில் ஒன்றை லேசாக இழுத்தேன். வெண்ணெயிலிருந்து நூலை எடுப்பதுபோல வந்துவிட்டது. முனுசாமி "ஐயோ" என்றார். குளம்புகளில் புதிதாக வளையம் விழுந்திருந்தது. கால் வைப்பதில் ஒரு தயக்கம்.

"எதனாலன்னு எனக்கு இன்னும் தெரியல" என்றேன். "தெரிஞ்சதும் சொல்றேன்."

"தெரியலன்னு சொல்றதுக்கு இன்னாத்துக்கும்மா டாக்டரு? அத்த நாங்களே சொல்லிக்க மாட்டமா?" என்றார் கைபேசிக்காரர். அன்று மாலைக்குள் நான் சொன்னது மட்டும் தனியாக வெட்டப்பட்டு ஊரெல்லாம் சுற்றி வந்தது. என் தங்கை திருவள்ளூரிலிருந்து கூப்பிட்டு, "ஏன்க்கா, படிக்கலையா நீ?" என்று கேட்டாள். இது உங்களுக்கும் நடக்கும். நடக்கட்டும். கூட்டத்துக்காகச் சொன்ன நோயைப் பிறகு திரும்ப வாங்க முடியாது.

மத்தியானம் கம்பெனியின் மனிதவள மேலாளர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ரொம்பப் பணிவானவர். தலையில் மஞ்சள் நிறப் பாதுகாப்பு ஹெல்மெட்.

"மேடம், ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதுமுங்க. புகைக்கும் முடிக்கும் சம்பந்தம் இல்லைன்னு."

"எனக்குத் தெரியாதே."

"சம்பந்தம் இருக்குன்னும் தெரியாதில்லீங்களா? அதையாச்சும் எழுதலாமுங்க."

எழுத மாட்டேன் என்றேன். பேச்சை மாற்றுவதற்காக, "ஹெல்மெட் உள்ளேதானே போடணும், இங்க எதுக்கு?" என்று கேட்டேன். அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு அதைக் கழற்றினார். எத்திராஜின் தலையே தோற்றுவிடும்.

"நான் வேலைக்குச் சேர்ந்தே ஆறு மாசந்தானுங்க. இது காலேஜ் படிக்கறப்பவே போயிருச்சுங்க. ஆனா இதைப் பாத்தா அவங்க நம்புவாங்களா? 'உள்ள வேலை பாக்கறவனுக்கே இப்படி'ன்னு என்னையும் பதாகையில போட்டுருவாங்க. அதனால தூங்கறப்ப மட்டுந்தானுங்க கழட்டறது."

மறுநாள் நான் மருந்தகத்தைத் திறப்பதற்கு முன்பே எத்திராஜ் வாசலில் தனியாக நின்றிருந்தார். பதாகை இல்லை, கூட்டம் இல்லை.

"டாக்டரம்மா, ஒரு பேஜாராப் பூட்ச்சு. வர புதன்கெழம தாசில்தார் ஆபீஸ்ல பேச்சுவார்த்தை. அதுவரைக்கும் குதிர இப்டியே இருக்கட்டும்."

"சரி."

"ஞாயித்துக்கெழம எம் புள்ளைக்குக் கல்யாணம். ஊர்கோலத்துக்கு மல்லிகாவத்தான் சொல்லி வெச்சிக்கீறேன், பொங்கலுக்கு முந்தியே. அதுக்குள்ள முடி வந்துரணும்."

நான் அவரையே பார்த்தேன். அவர் கெஞ்சுகிற குரலில், "வால் மட்டுமாச்சும்" என்றார்.

இதைக் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் முனுசாமியின் வீட்டில் யாரும் சிரிக்கும் நிலையில் இல்லை. முடி கொட்டுகிற செய்தி பரவி, பங்குனிக்கும் சித்திரைக்கும் சொல்லி வைத்திருந்தவர்கள் எல்லோரும் பின்வாங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது எத்திராஜ் வீட்டு ஊர்வலம் ஒன்றுதான். அதிலும் மல்லிகா நடக்காவிட்டால் அவளை விற்பதைத் தவிர வழியில்லை. நாயுடுபேட்டைத் தரகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். செங்கல் சூளையில் மண் இழுக்க அவருக்குக் குதிரை வேண்டுமாம். "சூளையில வாலப் பாத்து வேலை குடுக்கறதில்ல நைனா" என்று முனுசாமியின் தோளில் தட்டிவிட்டுப் போனாராம். திங்கட்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் குதிரைக் கொட்டகைக்குப் போனேன். அது கம்பெனியின் மதில் சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கு உள்ளே, பசுமை வளையம் என்று சட்டத்துக்காக வைத்த மரங்கள், கிளைகளை வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. புளிய இலையைப் போன்ற சின்னச் சின்ன இலைகள், உருண்டையான வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாகத் தட்டைக் காய்கள். எல்லாம் சவுண்டல்.

மல்லிகா தின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் அதே தழை இரண்டு கட்டுகளாகக் கிடந்தது.

"இது யாரு போட்டது?"

"இந்தக் கட்டு நம்ம குழு ஆளுங்கம்மா" என்றார் முனுசாமி. "நம்ம போராட்டத்துக்கே இதானே சாட்சி, நல்லா பாத்துக்கணும்னு தெனம் ஆளுக்கு ஒரு கட்டு ஒடிச்சிக்கினு வந்து போடறாங்கோ. அந்தக் கட்டு கம்பெனிலேர்ந்து. அவங்களும் நல்ல பேரு எடுக்கணுமாம், வேன்ல அனுப்பறாங்க."

கம்பெனிக் கட்டின் மேல் ஒரு அட்டை தொங்கியது: "அன்புடன்."

"எப்பத்துலேர்ந்து இந்தத் தழை?"

முனுசாமி யோசித்தார். அவருடைய பழைய கொட்டகை ஏரிக்கரைப் பக்கம் இருந்தது. கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறிவிட்டதால் இங்கே மாறி வந்தார். அப்போதெல்லாம் மல்லிகா சுவருக்கு மேல் நீட்டிய நுனிகளை மட்டும் எட்டி எட்டிக் கடிப்பாள். தை முடிவில் வால் மயிர் உதிரத் தொடங்கியது. குழு கிளம்பியது அதற்குப் பிறகு. குழு கிளம்பியதும் கட்டுகள் வந்தன. கட்டுகள் வந்ததும் பிடரியும் போனது.

இந்த வரிசையை அவர் வாயாலேயே சொல்லச் சொல்ல, பாடப்புத்தகத்தின் அந்தப் பத்தி என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சவுண்டலின் இலையிலும் விதையிலும் மிமோசின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. அது மயிர்க்கால்களைக் கெடுக்கும், குளம்பையும் கெடுக்கும். ஆடு, மாடுகள் அசைபோடுகிறவை. அவற்றின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்த நஞ்சைப் பெருமளவு உடைத்துவிடும். மற்ற தீனியோடு கலந்து அளவாகப் போட்டால் ஆட்டுக்கு அது நல்ல தீவனம்தான். குதிரைக்கு அப்படி ஒரு இரைப்பை கிடையாது.

பக்கத்து வீட்டு வெள்ளாடுகள் அதே தழையைத் தின்று, எண்ணெய் தடவியதுபோல மின்னிக்கொண்டு நின்றன. அவற்றைப் பார்த்துத்தான் எல்லோரும் குதிரைக்கும் போட்டிருக்கிறார்கள். போதாததற்கு என் மருந்தகத்து வாசலிலேயே ஒரு பலகை: "சூபாபுல் வளர்ப்போம், சத்தான பசுந்தீவனம் பெறுவோம்." சூபாபுல் என்பது சவுண்டலின் அலுவலகப் பெயர். மல்லிகாவை அன்று நான் பரிசோதித்ததே அந்தப் பலகையின் நிழலில்தான்.

தழையை அந்த நிமிடமே நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் வடிந்திருந்த ஏரிக்கரைக்கே மல்லிகாவை மாற்றினோம். கொட்டகையை விட்டுப் போகும்போது, வேனில் அடுத்த கட்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை தாசில்தார் அலுவலகம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் குழு, துண்டு இல்லாத தலைகளோடு. மறுபக்கம் மேலாளர், ஹெல்மெட்டோடு. நடுவில் நான். இரண்டு பக்கமும் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துப் புன்னகைத்தது. இந்தப் புன்னகையைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

எழுந்து, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். எதையும் முன்னால் பின்னால் மாற்றவில்லை. மழை, கொட்டகை, சுவர், நுனி, வால், குழு, கட்டு, பிடரி.

எத்திராஜ் எழுந்தார். "அப்போ வெசம் வெச்சது நாங்கன்றீங்களா?"

"அன்பாத்தான் வெச்சீங்க."

"அதே தழைய ஆடு துன்னுதே! ஆடு இன்னா, கம்பெனி ஆளா?"

ஆட்டின் இரைப்பையைப் பற்றி அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. மேலாளரின் முகம் மட்டும் மலர்ந்துகொண்டே போனது. "அப்ப எங்களுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு எழுதிக்கலாமுங்களா?" என்று தாசில்தாரைக் கேட்டார்.

"மரம் யாருது?" என்றேன்.

மேலாளர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்.

"சுவருக்கு வெளியே கிளையை விட்டது யாரு? வேன்ல அனுப்பினது யாரு? 'அன்புடன்'னு அட்டை கட்டினது யாரு?"

எத்திராஜ் கைதட்டினார். அவரைப் பார்த்தும் சொன்னேன்: "புகை வேற கேள்வி. அது கெடுதலா இல்லையான்னு அளக்கறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க, அவங்களைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்க, கேக்கணும். ஆனா அதுக்கு மல்லிகா சாட்சி இல்ல. அவளை வெச்சு வழக்கு நடத்தினா, அவ வால் வளர்ற அன்னிக்கு உங்க வழக்கும் போயிடும்."

தாசில்தார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல நான் என்னம்மா எழுதறது?" என்றார். கடைசியில் மூன்றை எழுதினார்: சுவருக்கு வெளியே நீளும் கிளைகளைக் கம்பெனி வெட்ட வேண்டும். குதிரைக்குப் புல் அனுப்ப வேண்டும். குழுவினர் குதிரைக்கு எதையும் ஊட்டக் கூடாது. மூன்றாவதை வாசித்தபோது குழுவில் ஒருவர், "ஒரு கேரட்டு கூடவா சார்?" என்று கேட்டார்.

சரி, ஞாயிற்றுக்கிழமை?

தழையை நிறுத்தினால் முடி வளரும். ஆனால் நாலு நாளில் வளராது. வழியைக் கண்டுபிடித்தவர் முனுசாமியின் மனைவி தனம். "சவுரி வெச்சி உடலாம்மா. பொண்ணுக்கு வைக்கல?" என்றார்.

கடைவீதியில் இருந்த சவுரி எல்லாம் கறுப்பு. மல்லிகாவோ வெள்ளை.

"நரைச்ச சவுரி கெடைக்காதா?" என்றார் எத்திராஜ்.

"நரைச்ச சவுரிய யாருண்ணா டப்பு குடுத்து வாங்குவாங்கோ?" என்றார் தனம்.

கறுப்பே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. நான் இரண்டு நிபந்தனை போட்டேன். வாலைச் சுற்றி இறுக்கிக் கட்டக் கூடாது. மேலே போர்த்தும் துணியில் தைத்துத் தொங்கவிட வேண்டும். அடுத்தது, மாப்பிள்ளை மேலே ஏறக் கூடாது. குளம்பு நோகும்போது முதுகில் பாரம் ஏற்ற விட மாட்டேன்.

"மேல ஏறாத குதிர இன்னாத்துக்கும்மா?" என்று எத்திராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். கல்யாணம் அவர் வீட்டுடையது, கெஞ்சுகிறவர் பெரிய மனிதர், முகூர்த்தம் நெருங்குகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் "கொஞ்ச தூரம்தானே, போகட்டும்" என்று வாய் தானாக வரும். வரும்போது மிருகத்தின் காலைப் பாருங்கள். நான் பார்த்தேன். முடியாது என்றேன். எத்திராஜ் என்னையும் மல்லிகாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, மாப்ள கூடவே நடக்கட்டும். தொப்பையாவது கொறையும்" என்றார்.

அப்படித்தான் ஊர்வலம் போனது. வெள்ளைக் குதிரை, பின்னால் கருகருவென்று நீண்ட பின்னல், முனையில் குஞ்சம், பின்னல் நெடுக மல்லிகைச் சரம். பக்கத்தில் கோட்டும் சூட்டுமாக வியர்த்து நடக்கும் மாப்பிள்ளை. வழியில் நின்றவர்கள், "இது இன்னா ஜாதி குதிர?" என்று கேட்டார்கள். முனுசாமி நிமிர்ந்து நடந்துகொண்டே, "ஃபாரின்" என்றார். மண்டபத்து வாசலிலேயே வைகாசிக்கு இரண்டு பேர் மல்லிகாவைச் சொல்லி வைத்தார்கள். இரண்டு பேரும் கறுப்புப் பின்னலோடுதான் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

மண்டபத்தில் மேலாளரும் இருந்தார், ஹெல்மெட் இல்லாமல். பந்தியில் எத்திராஜுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாயசம் குடித்தார். மேடையில், எத்திராஜ் 'நைனா' என்று சொல்லும் அவருடைய காலமான அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். சீரியல் பல்பின் வெளிச்சம் பட்டு அந்தப் படத்தில் உச்சந்தலை மட்டும் மின்னியது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை தரகர் வந்தார். குதிரை விற்பனைக்கு இல்லை என்று தனம் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

மல்லிகாவுக்கு முடி வளர்ந்தது. ஆடியில் பிடரியில் தூரிகைபோல் நின்றது. ஆயுத பூஜைக்கு முனுசாமி அவளை மருந்தகத்துக்கே கூட்டிவந்து காட்டினார். தரையைத் தொடவில்லை, ஆனால் ஈயை விரட்டும் அளவுக்கு வால் வந்திருந்தது. பலகையின் அடியில், "ஆடு மாடுகளுக்கு மட்டும், அதுவும் அளவாக. குதிரை, கழுதைகளுக்குக் கூடாது" என்று நான் எழுதிச் சேர்த்திருந்தேன். மல்லிகா அதன் நிழலில் நின்று வாலை இரண்டு முறை சுழற்றினாள்.

அடுத்த வாரம் எத்திராஜ் வந்தார். தனியாக. சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நாற்காலியை என் மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்தார்.

"டாக்டரம்மா, மல்லிகாவப் பாத்தேன். அதுக்குத் தழைய நிறுத்துனீங்கோ, வளந்துடுச்சி. எனுக்கு இன்னாத்த நிறுத்தணும்னு சொல்லுங்க. நாஷ்டாவா, டீயா, மீனா? எதுன்னாலும் இன்னியோட நிறுத்திடறேன்."

நான் மாட்டு டாக்டர் என்று சொல்லிப் பார்த்தேன். "குதிரைக்குப் பாத்தீங்களே" என்றார். அவர் முகம் அவ்வளவு நம்பிக்கையோடு இருந்தது. விரட்ட மனம் வரவில்லை. எல்லோரிடமும் கேட்பதையே கேட்டேன்.

"எப்பத்துலேர்ந்து?"

எத்திராஜ் வாயைத் திறந்தார். "கம்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். கையால் தலையை முன்னிருந்து பின்னாக ஒருமுறை தடவினார். துண்டை எடுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்க நைனா காலத்துலேர்ந்து."